அறியாமைக்கு விலையுண்டோ?

ஒரு பொருளின் மதிப்பை அறிந்தவன் வாங்குகிறான், அறியாதவன் விற்கிறான். விலை இருவர் வாயாலும் பேசி முடிக்கப்படுகிறது. பணம் ஒரு கைக்கும் பொருள் மறு கைக்கும் மாறுகின்றன. பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை; பலாத்காரம் ஒன்றும் நிகழவில்லை. இவ்வியாபாரம் நேர்மையானதுதானா? இக்கேள்வி மிகப் பழையது. ஆயினும் அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியோ புதியது. பழைய வீடியோ விளையாட்டுகளை வாங்கியும் விற்றும் சேர்த்தும் வரும் ஒரு சிறு பழக்கத்தின் வழியாக அது நம் வீட்டு வாயிலில் வந்து நின்றது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைப்பற்றி இவ்வளவு பெரிய ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் நகைக்க வேண்டா. விளையாட்டு வினையாகும் என்பது நம்மவர் வழக்குத்தானே!

ஜொகூர் மாநிலத்தின் வடகோடியில், 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தங்காக் பட்டணம். 2008ஆம் ஆண்டில் மூவார் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டு, லேடாங் என்னும் தனி மாவட்டமாகிப் பின்னர் தங்காக் என்றே பெயர் மாற்றம் பெற்ற மாவட்டத்திற்கு இதுவே தலைப் பட்டணம். துணிக்கடைகளால் பெயர்பெற்ற ஊர் இது. கலியாணத்திற்கும் பெருநாளுக்கும் துணி எடுக்க வெளியூரார் இங்கு வருவதை நாம் சிறு பிராயமுதல் கண்டுவருகிறோம். துணி வாங்க வந்த அம்மையார் அதனைத் தொட்டுப் பார்க்கிறார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். அடுத்த கடையிலும் விலை கேட்டுவிட்டு வருகிறார். கடைக்காரர் அவர் கண்முன்னரே அளந்து கத்தரிக்கிறார். பேரம் கடுமையாக இருக்கலாம். சிற்சில வேளை கோபமும் வரலாம். ஆனால், இருவரும் ஒரே வெளிச்சத்தில் நின்று பேசுகிறார்கள். ஒருவர் காண்பதை மற்றவரும் காண முடிகிறது.

இதே ஊரில் வேறொரு வியாபாரமும் உண்டு. அதற்குக் கடையில்லை, பெயர்ப்பலகையில்லை. இரவுச் சந்தையின் ஓரத்தில் விரித்த தார்ப்பாயின் மேலும், பழைய இரும்புக்காரரின் கொட்டகையிலும், வீடு மாறிப் போவோரின் வாயிற்படியிலும், கைப்பேசி வழியே நடக்கும் பொதுச் சந்தைகளிலும் அது நடைபெறுகிறது. பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளும், நம்மவர் கேசட் என்று வழங்கும் விளையாட்டுப் பெட்டகங்களுமே அதன் சரக்கு.

இவற்றின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுவது நலம். 1889ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யும் நிலையமாகத் தொடங்கிய நிண்டெண்டோ என்னும் நிறுவனம், 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஃபேமிகாம் என்னும் கருவியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. கேசட்டை மாற்றினால் விளையாட்டு மாறும். 1989இல் கையிலேயே வைத்து ஆடத்தக்க கேம் பாய் வந்தது. 1994இல் குறுந்தட்டில் ஓடும் பிளேஸ்டேஷன் வந்தது. ஆனால், நம் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் 1990களில் பிள்ளைகள் கண்டது பெரும்பாலும் அசல் ஃபேமிகாமையன்று. அதனைப் பார்த்துச் செய்யப்பட்ட தைவான் நாட்டு மைக்ரோ ஜீனியஸையே. 64 விளையாட்டுகள் அடங்கியது என்று மேலே அச்சிட்ட ஒரே கேசட். லயத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. அதன் முன் முறைவைத்துக் காத்திருக்கும் பத்துப் பிள்ளைகள். அக்காட்சியை மறந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அப்பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டனர். சிலர் அக்காலத்துக் கருவிகளைத் தேடிச் சேர்க்கின்றனர். அவர்களுள் நாமும் ஒருவர். இது வெட்டிச் செலவு என்று சொல்லும் பெரியோர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. அமெரிக்காவில் 2010க்கு முன்னர் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் விற்பனைக்கே இல்லை என்று, அந்நாட்டில் வீடியோ விளையாட்டு வரலாற்றைக் காக்கும் அமைப்பொன்று 2023ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டது. செய்தவரே விற்பதை நிறுத்திவிட்ட ஒன்றை, யாரேனும் பெட்டியில் வைத்துக் காத்தால்தான் அடுத்த தலைமுறை காணும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டு உலகிற்கு அளித்திராவிடில் நாம் என்ன ஆகியிருப்போம்? விளையாட்டை இலக்கியத்தோடு சமமாக வைக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. பழையதென்று பரணில் எறியப்பட்டதனுள்ளும் ஒரு காலத்தின் உழைப்பும் கற்பனையும் அடங்கிக் கிடக்கக்கூடும் என்பதே நம் கருத்து.

கைச்சுருக்கம் உள்ளவனும் இதனைச் செய்யலாம். அதற்கு வழிகள் உண்டு. மேலட்டைப் பெட்டியோடு கூடியதை விட்டுவிட்டு வெறுங் கேசட்டை வாங்கினால் விலை மிகக் குறையும். ஓடாத கருவியை வாங்கித் தானே செப்பனிடலாம். கேசட்டின் அடியிலுள்ள செப்புப் பற்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால், செத்தது என்று எறியப்பட்ட எத்தனையோ கேசட்டுகள் பிழைத்தெழும். பிள்ளைகள் செய்வதுபோல் வாயால் ஊதலாகாது. ஊதினால் ஈரம் படிந்து உலோகம் கெடும். பழைய கேசட்டுகள் சிலவற்றில், ஆடியவன் எட்டிய இடத்தை நினைவில் வைப்பதற்கு ஒரு சிறு மின்கலம் உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். பதினைந்து இருபது ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். சில வெள்ளி கொடுத்து வாங்கிய புதிய மின்கலத்தைப் பற்றவைத்தால் கேசட் மீண்டும் நினைவு பெறும். நம் நாட்டு ஈரக் காற்றில் குறுந்தட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் மணிகளை உடன் வைத்துக் காக்க வேண்டும். இரண்டாகச் சேர்ந்ததை விற்று, இல்லாததை வாங்க வேண்டும். மாதத்திற்கு இவ்வளவு என்று வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வாறு செப்பனிட்டு விற்பதால் வரும் லாபம் உழைப்பின் கூலி. அதனைப்பற்றி நமக்கு ஐயமில்லை.

ஆனால், சிக்கனமாகச் சேர்ப்போர் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் உபதேசங்களுள் தலையாயது இவற்றுள் ஒன்றன்று. "விலை தெரியாதவனிடம் போய் வாங்கு" என்பதே அது. மதிப்பறிந்த வியாபாரியிடம் போனால் முழு விலை. பரணைக் காலிசெய்யும் பாட்டியிடம் போனால் அரைக்கால் விலை. ஆதலின் பாட்டியைத் தேடு என்கிறார்கள். இதனை ஒரு சாமர்த்தியமாகப் பேசிப் பெருமைகொள்ளாத சேகரிப்பாளரை நாம் கண்டது அரிது. நாமும் அவ்வாறு பெருமைகொண்டவர்களே. ஒரு நிகழ்ச்சி நம் வாயை அடைத்தது. அதனைச் சொல்லுகிறோம்.

தங்காக்கிலிருந்து சாகில் செல்லும் சாலையினின்று உள்ளே பிரியும் ஒரு தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டம். அங்கே ஓர் அம்மையார் வீட்டைக் காலிசெய்து பட்டணத்தில் குடியேறவிருந்தார். பழைய விளையாட்டுச் சாமான் இருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சென்றோம். அவர் நமக்கு மைலோ கலந்து கொடுத்துவிட்டு, ஒரு பிஸ்கோத்துத் தகரத்தை எடுத்துவந்து முன்னே வைத்தார். திறந்தோம். திரை வெடித்த கேம் பாய் அட்வான்ஸ் கருவி ஒன்று, 11 கேசட்டுகள். அவற்றுள் ஒன்று பச்சைக் கண்ணாடி போன்ற உறையுடையது. போக்கெமோன் எமரால்டு என்னும் அது 2004இல் ஜப்பானிலும் 2005இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. போலிகள் மலிந்துவிட்டமையால் அசல் ஒன்று பல நூறு வெள்ளிக்குப் போகும். கையிலெடுத்த அக்கணமே அஃது அசல் என்று நமக்குத் தெரிந்தது. மேலட்டையின் அச்சும், அதில் அழுந்தியிருக்கும் சிறு எண்ணும் அதனைக் காட்டின.

"ஓடுமோ ஓடாதோ தெரியாது, தம்பி. பழைய இரும்புக்காரர் மொத்தத்துக்கும் 5 வெள்ளிதான் தருவேன் என்றார். நீங்கள் 40 கொடுங்கள்" என்றார் அம்மையார்.

நேயர்களே! அப்போது நாம் என்ன செய்தோம் தெரியுமா? முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாதபடி அடக்கிக்கொண்டு, "30 வெள்ளி தருகிறோம்" என்றோம். 10 வெள்ளியை மிச்சப்படுத்துவதற்காக அன்று. நம் ஆவலை அவர் கண்டுகொள்ளாதிருப்பதற்காகவே பேரம் பேசினோம். அவரும் சம்மதித்தார். தகரத்தோடு வீடு திரும்பினோம்.

நண்பர் ஒருவர் நம் முதுகில் தட்டிப் பாராட்டினார். ஆனால், அன்றிரவு நாம் அந்தக் கேசட்டைக் கருவியில் இட்டுப் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை. ஒன்பது நாட்கள் அது தகரத்திலேயே கிடந்தது. அந்த ஒன்பது நாட்களில் நம் மனம் நமக்காக வழக்காடிய வழக்கையே இங்கு எடுத்துரைக்கிறோம்.

மனம் முதலில் சொல்லிற்று: "உன் அறிவு சும்மா வந்ததா? பல ஆண்டுப் பிரயாசையால் வந்தது. வைத்தியன் தன் அறிவுக்குக் கூலி வாங்குகிறான். நீ உன் அறிவுக்குக் கூலி வாங்கினால் என்ன?" இவ்வாதம் பார்வைக்கு அழகாயிருக்கிறது. ஆனால், வைத்தியன் தன் அறிவை நோயாளிக்காகப் பயன்படுத்திக் கூலி பெறுகிறான். நாமோ நம் அறிவை அவ்வம்மையாருக்கு எதிராகப் பயன்படுத்தினோம். அவருக்கு யாதொரு தொண்டும் செய்யவில்லை. தொண்டில்லாத இடத்தில் கூலி எங்கிருந்து வரும்?

மனம் இரண்டாவதாகச் சொல்லிற்று: "விலையைச் சொன்னவர் அவரே. அவராக ஒப்பினார். உனக்கென்ன பழி?" இதற்கு ஆதரவாக உலகில் பெரிய நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் ஆர்கன் என்னும் வியாபாரி 111 பெரும் பீப்பாய்ப் புகையிலையை லெய்ட்லா என்பாரின் நிலையத்தாரிடம் விலைபேசினார். இங்கிலாந்தோடு நடந்த போர் முடிந்து உடன்படிக்கை ஆகிவிட்ட செய்தி ஆர்கனுக்கு அன்று விடியற்காலையிலேயே எட்டியிருந்தது, விற்பவருக்கு எட்டவில்லை. விலையைப் பாதிக்கத்தக்க செய்தி ஏதேனும் உண்டா என்று விற்பவர் தரப்பில் கேட்கவும் கேட்டார்கள். செய்தி ஊரில் பரவியவுடன் புகையிலை விலை 30 முதல் 50 விழுக்காடு ஏறிற்று. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திற்குப் போயிற்று. 1817இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வாங்குபவன் தான் அறிந்ததைச் சொல்லியே தீரவேண்டும் என்னும் கட்டாயமில்லை என்று கூறினார். ஆனால், எவரும் மற்றவரை ஏமாற்றும்படியாக ஒரு சொல் சொல்லவோ ஒரு செயல் செய்யவோ கூடாது என்றும் சேர்த்துக் கூறி, அவ்வாறு ஏதும் நடந்ததா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பியனுப்பினார்.

நிற்க. அங்கு இருதரப்பாரும் வியாபாரிகள். செய்தியைத் தேடி அறிவது இருவர்க்கும் தொழில். இங்கோ ஒரு பக்கம் தொழிலறிந்தவன். மறுபக்கம் வீட்டைக் காலிசெய்யும் ஒரு தாய். மேலும், சட்டம் தண்டிக்காததெல்லாம் அறமாகிவிடுமா? சட்டம் வேலி, அறம் பயிர். வேலியைத் தாண்டாத மாடெல்லாம் பட்டினி கிடந்த மாடு என்று சொல்லிவிட முடியுமா? வேலிக்குள்ளேயே இருந்துகொண்டு பயிரை மேய்ந்துவிடும் மாடும் உண்டு.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கி. மு. 44இல், ரோமாபுரியின் சிசெரோ என்னும் அறிஞர் தம் மகனுக்காகக் கடமைகளைப்பற்றி ஒரு நூல் எழுதினார். பொன்னை வைத்துக்கொண்டு அதனைப் பித்தளை என்று எண்ணி ஒருவன் விற்க வருகிறான். நல்லவன் அவனிடம் அது பொன்னென்று சொல்வானா, அன்றி ஆயிரம் காசு பெறுமானமுள்ளதை ஒரு காசுக்கு வாங்கிக்கொள்வானா என்னும் கேள்வி அந்நூலில் வருகிறது. சொல்லத் தேவையில்லை என்று டயோஜெனிஸ் என்பாரும், சொல்லியாக வேண்டும் என்று ஆன்டிபாட்டர் என்பாரும் இத்தகைய வழக்குகளில் முரண்பட்டனர். சிசெரோ ஆன்டிபாட்டரின் பக்கமே நிற்கிறார். நம் வள்ளுவரோ வாணிகத்தைப் பற்றிய தம் கருத்தைப் பொருட்பாலில் வைத்தாரில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பிறர் பொருளைத் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பது அவர் துணிபு. தன் பொருளாயின் அந்தக் கேசட்டை நாம் 30 வெள்ளிக்கு விட்டிருப்போமா?

மனம் மூன்றாவதாக, எல்லாவற்றினும் வலிய வாதத்தைச் சொல்லிற்று: "நீ பணக்காரனா? நீயும் ஏழையே. மலிவாய்க் கிடைத்தாலன்றி உன்னால் வாங்க முடியாது. உன்னை விட்டால் இரும்புக்காரன் 5 வெள்ளிக்குக் கொண்டுபோவான்." இவ்வாதத்தின் முன் நாம் சிறிது தயங்கியே நின்றோம். கைச்சுருக்கம் பொய்யன்று. ஆயினும், நம் ஏழைமையை ஈடுசெய்யும் கடமை நம்மினும் ஏழையின் தலையில் ஏன் விழவேண்டும்? மலிவு எங்கிருந்தேனும் வரவேண்டும். அது நம் உழைப்பிலிருந்து வந்தால் சிக்கனம். நம் பொறுமையிலிருந்து வந்தால் சிக்கனம். பிறர் அறியாமையிலிருந்து வந்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுதல் தகுமா?

இங்குத் தோட்டத்து நேயர்கட்கு ஒரு நினைவூட்டல். பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சுமந்துவந்த பாலை வாளியில் அளந்ததோடு விடவில்லை. அதில் இரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காண மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அமிழ்த்திப் பார்ப்பதுண்டு. கருவியின் எண்ணைப் படித்துக் கணக்கில் எழுதுபவர் கிராணி. எழுத்தறியாத தொழிலாளி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். நேர்மையான கிராணிகள் பலர் இருந்தனர், அதனை மறுக்கவில்லை. ஆனால், நேர்மையற்றவர் ஒருவர் வந்துவிட்டால் அவர் பொய் சொல்லவும் வேண்டுவதில்லை. மற்றவர்க்குப் படிக்கத் தெரியாது என்பதே அவருக்குப் போதும். தோட்டக் கடைக் கடன் புத்தகமும் அவ்வாறே. படிப்பு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று நம் சமூகத்தார் இரண்டு தலைமுறை பாடுபட்டது எதற்காக? கணக்கறிந்தவன் அறியாதவனை மேய்ந்துவிடாமல் இருப்பதற்காக அன்றோ? அப்பாட்டின் பயனாய் நாம் படித்தோம், கணக்கறிந்தோம். அறிந்தபின் செய்த காரியம் என்ன? அதே லயத்து வீட்டுக்குப் போய், அதே கிராணியின் நாற்காலியில் அமர்ந்துகொண்டோம்! இவ்வெண்ணம் வந்தபோது நம் முகத்தை நாமே காண நாணினோம்.

நிற்க. ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "பழைய விளையாட்டுக்கு உண்மை மதிப்பு என்று ஒன்று இருக்கிறதா? இல்லாததை எப்படிச் சொல்வது?" என்பார் சிலர். இதில் உண்மையும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை அமெரிக்காவின் அலமகோர்டோ என்னும் ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் அவற்றைத் தோண்டியெடுத்தபோது, சில நூறு கேசட்டுகள் 1 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. அன்றைய குப்பை இன்றைய பொக்கிஷம்! 2021ஆம் ஆண்டு ஜூலையில் சூப்பர் மாரியோ 64 என்னும் விளையாட்டின் பிரிக்கப்படாத பெட்டி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. உலகெங்கும் 1 கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு அது, அரியதன்று. அரியது பிரிக்கப்படாத உறை ஒன்றே. ஆடுவதற்கென்று செய்த பொருள், ஒருமுறையேனும் ஆடப்படாமையால் விலை பெறுகிறது! இத்தகைய விலைகளை மதிப்பு என்று கொள்ள நம் பகுத்தறிவு இடந்தரவில்லை.

ஆயினும், விலை நிலையற்றது என்பதால் நம் கடமை நீங்கிவிடாது. விற்பவருக்கு நாம் ஒரு விலையை உறுதிசெய்து கொடுக்க வேண்டியதில்லை. நாம் அறிந்ததை அறிவித்தால் போதும். "அம்மா, இதனைச் சேர்ப்போர் பல நூறு வெள்ளி கொடுப்பதுண்டு, நாளை குறையவும் கூடும், அவ்வளவு கொடுக்க எம்மால் இயலாது, விற்றுத்தரச் சொன்னால் விற்றுத் தருவோம், இன்ன பங்கு எமக்குக் கொடுங்கள்" என்று சொல்வதற்குப் பொருளியல் ஆராய்ச்சி எதற்கு? வாயைத் திறந்தால் போதுமே!

எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே திரிய வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. பழைய பொருள் விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அவர் சொல்லும் விலைக்கு வாங்கலாம். அறிவது அவர் தொழில். அவரிடமும் பொய் கூறலாகாது. நல்லதைப் பழுதென்று சொல்லி விலையைக் குறைக்கலாகாது. கேட்டால் மறைக்கலாகாது. ஆனால், வீட்டுப் பொருளை விற்கும் பாமர மக்களிடம், கேளாவிடினும் சொல்ல வேண்டும். நாம் விற்கும்போதும் இவ்விதியே. மின்கலம் மாற்றியதை மாற்றியதென்றும், உறை மாற்றியதை மாற்றியதென்றும், நகலை நகலென்றும் சொல்லியே விற்க வேண்டும். இத்தனையையும் நினைவில் வைக்க முடியாதவர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. வாங்கும்போது முகத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்ததா? அன்று நாம் அறிந்திருந்ததை நாளை விற்றவர் அறிந்தால், தங்காக் கடைத்தெருவில் அவர் எதிரே வரும்போது நின்று நலம் விசாரிக்க நம்மால் முடியுமா? முடியாதெனில், அவ்வியாபாரத்தில் எங்கோ பிழை இருக்கிறது.

பத்தாம் நாள் நாம் அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் தோட்டத்திற்குச் சென்றோம். பச்சைக் கேசட்டை எடுத்து அம்மையார் கையில் கொடுத்து, அதன் விலை நிலையை உள்ளவாறு சொன்னோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்து, "அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தம்பி?" என்று கேட்டார். தெரியும் என்று ஒப்புக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வசை பாடியிருந்தாலும் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஜொகூர் பாருவில் வேலை செய்யும் தம் மகனைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னார். மகன் விலையைக் கேட்டதாகவே தெரியவில்லை. "பச்சைக் கேசட்டா? அது அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது. விற்காதீர்கள் அம்மா" என்ற குரல் நமக்கும் கேட்டது. அவ்வப்பா காலமாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தகரத்துள் எது எது கிடக்கிறதென்று அம்மையார் அறியார். தகரத்தை விற்பது மகன் அறியான். இவ்வகைக் கேசட்டில் மின்கலம் நாழிகை காட்டுவதற்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் சேமித்த ஆட்டம் அழியாது. ஆதலின் அச்சிறுவன் அன்று தன் பெயரிட்டு ஆடி நிறுத்திய இடம் இன்னும் அதனுள் இருக்கக்கூடும் என்று சொன்னோம். அம்மையாருக்கு அது விளங்கியதோ இல்லையோ. கேசட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அப்போதுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. அறியாதவரிடமிருந்து மலிவாய் வாங்குகிறவன் அவருடைய பணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறான் என்று எண்ணியிருந்தோம். அது பாதியே. விற்கலாமா வேண்டாமா என்று எண்ணிப் பார்க்கும் உரிமையையும் அவன் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பணத்தைப் பின்னர்த் திருப்பிக் கொடுக்கலாம். கேசட்டை வேறு எவருக்கேனும் விற்று, வந்த பணம் முழுவதையும் நாம் அவர் கையில் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும், அந்த மகனுக்கு அப்பா கொடுத்தது திரும்பியிருக்குமா?

அம்மையார் 10 வெள்ளியை எடுத்து நம்மிடம் நீட்டினார். ஒரு கேசட் குறைந்ததற்கு அது என்றார். வேண்டாம் என்றோம். "கணக்கு கணக்குத்தான், தம்பி" என்றார். வாங்கிக்கொண்டோம். மற்ற 10 கேசட்டுகளும் இன்று நம்மிடம் இருக்கின்றன. துடைத்தபின் எட்டு ஓடுகின்றன.

அந்தப் பச்சைக் கேசட் நம் அலமாரியில் இல்லை. நம் வருவாயில் அதை முழு விலைக்கு வாங்கும் நாள் வருமோ என்பதும் ஐயமே. இழந்துவிட்டோமே என்ற எண்ணம் சிற்சில இரவுகளில் இன்றும் எழுகிறது. அதனை மறைத்து நம்மை உத்தமராகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. ஆனால், சென்ற மாதம் தங்காக் துணிக்கடை வாசலில் அவ்வம்மையாரைக் கண்டோம். ஒரு துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் ஒதுங்கிப் போகவில்லை. நின்றோம், நலம் விசாரித்தோம். இந்த விலை சரிதானா, தம்பி என்று அவர் நம்மைக் கேட்டார். நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.